மகளை மருத்துவ ஆய்வில் சேர்க்கக் கேட்கிறார்கள்: கையெழுத்திடும் முன் எதையெல்லாம் கேட்க வேண்டும்?

கெடிலக்கரை அம்மா, கடலூர்

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு இப்போது எட்டு வயது. நாலரை வயதில் ஒரு நாள் காலையில் தூங்கி எழுந்தபோது அவளுடைய இரண்டு இமைகளும் வீங்கியிருந்தன. கொசு கடித்திருக்கும் என்று நினைத்து விட்டுவிட்டோம். நான்காம் நாள் காலும் வயிறும் வீங்கி, பாவாடை நாடா இடுப்பில் பதிந்த தடம் மாலை வரை மறையாமல் இருந்ததைப் பார்த்த என் மாமியார்தான், "இது கொசுக்கடி இல்லை, பிள்ளைக்கு உப்பு போகிறது, உடனே காட்டுங்கள்" என்றார். மஞ்சக்குப்பத்தில் காட்டியதும் அன்றைக்கே புதுச்சேரிக்கு அனுப்பினார்கள். நெஃப்ராட்டிக் சிண்ட்ரோம் என்று அங்கே சொன்னார்கள். சிறுநீரகத்தின் வடிகட்டி கசிந்து உடலின் புரதம் சிறுநீரில் வெளியேறுவதால் வரும் வீக்கம் இது என்பதை அதன் பிறகுதான் தெரிந்துகொண்டோம்.

அன்றிலிருந்து தினமும் காலையில் அவளுடைய முதல் சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் பிடித்து, சல்போசாலிசிலிக் அமிலம் சில சொட்டு விட்டு, குழாய்க்குப் பின்னால் தினசரி நாட்காட்டியின் தாளைப் பிடித்துப் பார்க்கிறேன். நீர் தெளிவாக இருந்தால் நோட்டில் "இல்லை" என்று எழுதுவேன். எழுத்து மங்கலாகத் தெரிந்தால் ஒரு கூட்டல் குறி, தடித்த தேதி எண் மட்டும் தெரிந்தால் இரண்டு, அதுவும் மறைந்து பால் திரிந்தாற்போல் ஆனால் மூன்று அல்லது நான்கு. மூன்றரை ஆண்டுகளில் நான்கு முறை நோய் திரும்பியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை, அதனால் முகம் உப்பிப்போவது, அடங்காத பசி, காரணமில்லாத கோபம், பள்ளியில் பிள்ளைகள் வைக்கும் பட்டப்பெயர் என்று எல்லாம் வரிசையாக வந்து போகும்.

இந்த முறை மாத்திரை தொடங்கிய நாளே மருத்துவர் ஒரு ஆய்வைப் பற்றிச் சொன்னார். வழக்கமாக, மூன்று நாள் தொடர்ந்து புரதம் "இல்லை" என்று வந்த பிறகு, ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாத்திரையை நான்கு வாரம் கொடுப்பார்கள். அந்த நான்கு வாரத்தை இரண்டாகக் குறைத்தாலும் போதுமா என்பதே ஆய்வின் கேள்வி. எந்தக் குழந்தைக்கு எத்தனை வாரம் என்பதை மருத்துவர் முடிவு செய்ய மாட்டாராம். ஒட்டிய உறையைப் பிரித்தால் உள்ளே இருக்கும் சீட்டில் எது வருகிறதோ அதுதானாம். பதினொரு பக்கத்துக்குத் தமிழில் ஒப்புதல் படிவம் கொடுத்து, வீட்டில் படித்துவிட்டு வரும் செவ்வாய்க்கிழமை சொன்னால் போதும் என்று அனுப்பியிருக்கிறார்கள்.

மருந்து குறையும் என்பதால் எனக்கு ஆசையாகவும் இருக்கிறது, குறைத்ததால் மறுபடி வீங்கிவிட்டால் என்ன செய்வது என்று பயமாகவும் இருக்கிறது. மாமியார், "நம் பிள்ளையை வைத்தா சோதித்துப் பார்ப்பார்கள்?" என்று இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. என் கணவர் சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். முடிவை என்னிடமே விட்டுவிட்டார். மறுத்தால் அங்கே இனி நன்றாகப் பார்ப்பார்களா? சேர்ந்த பிறகு வேண்டாம் என்று வெளியே வர முடியுமா? படிவத்தில் மகளுடைய பெயரை எழுதவும் ஓர் இடம் இருக்கிறது. எட்டு வயதுக் குழந்தையிடம் எதைக் கேட்கப் போகிறார்கள்? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வு பெற்ற செவிலியர், லாஸ்பேட்டை

அம்மா, 31 ஆண்டுகள் குழந்தைகள் வார்டிலும் பச்சிளங்குழந்தைப் பிரிவிலும் வேலை பார்த்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் மாமியாரின் அச்சத்தை யாரும் அறியாமை என்று தள்ளிவிட வேண்டாம். நான் இளம்பெண்ணாக இருந்த காலத்தில் புதுச்சேரியில் யானைக்கால் நோயைக் கண்டறிய இரவில் வீடு வீடாக வந்து விரல் நுனியில் இரத்தம் எடுப்பார்கள். இரவில் வந்து இரத்தம் எடுக்கிறவர்கள் நல்லவர்களாக இருக்க முடியுமா என்று என் பாட்டி கதவைத் திறக்கவே மாட்டார். அந்தப் புழுவின் குஞ்சுகள் பகலில் உள்ளே ஒதுங்கியிருந்து, கொசு கடிக்கும் இரவு நேரத்தில்தான் தோலுக்கு அருகில் உள்ள இரத்தத்துக்கு வரும் என்பதை யாராவது அவரை உட்காரவைத்துச் சொல்லியிருந்தால் அவர் முதல் ஆளாகக் கையை நீட்டியிருப்பார். 1975இல் இங்கே தொடங்கிய நோய்க்கடத்தி ஆராய்ச்சி மையம் அந்த ஆண்டுகளில் செய்த வேலையால் பயன் பெற்றவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள்.

பெரியவர்களிடம் செய்த ஆய்வை வைத்துக்கொண்டு அளவை மட்டும் குறைத்துக் குழந்தைக்குக் கொடுத்தால் போதாதா என்று பலரும் கேட்பார்கள். போதாது என்பதை வார்டில் வேலை செய்தவர்கள் அறிவோம். 1950களில் அமெரிக்காவில், குறைமாதக் குழந்தைகளுக்குக் கிருமித்தொற்று வராமல் இருக்கட்டும் என்று குளோரம்ஃபெனிக்கால் மருந்தை முன்கூட்டியே கொடுத்து வந்தார்கள். அந்த மருந்தைக் கழித்து வெளியேற்றும் திறன் பச்சிளங்குழந்தையின் கல்லீரலுக்கு இன்னும் வந்திருக்காது. மருந்து உடலில் தேங்கி, வயிறு உப்பி, உடல் சாம்பல் நிறமாகி அந்தக் குழந்தைகள் இறந்தன. கொடுத்த குழந்தைகளையும் கொடுக்காத குழந்தைகளையும் லாஸ் ஏஞ்சல்ஸ் மருத்துவர்கள் ஒப்பிட்டுப் பார்த்து 1959இல் எழுதிய பிறகுதான், காப்பாற்றும் என்று நம்பிய மருந்தே கொன்றது என்பது உலகத்துக்குத் தெரிந்தது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதில் எங்களைப் போன்ற செவிலியர்களுக்கும் பங்கு உண்டு. 1940களில் குறைமாதக் குழந்தைகளுக்கு ஆக்சிஜனைத் தாராளமாகக் கொடுத்தார்கள். பல நாடுகளிலும் ஏறத்தாழ 10,000 குழந்தைகள் பார்வையை இழந்தார்கள். ஆக்சிஜன்தான் காரணமோ என்று ஐயம் எழுந்தபோது வாஷிங்டனில் ஒரு மருத்துவமனையில் குழந்தைகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குக் குறைவாகக் கொடுத்துப் பார்த்தார்கள். குறைவாகப் பெறும் குழந்தைகளைப் பார்த்து இரக்கப்பட்ட செவிலியர் சிலர், இரவுப் பணியில் மருத்துவர்களுக்குத் தெரியாமல் ஆக்சிஜனைக் கூட்டி வைத்துவிட்டார்களாம். அவர்களுடைய அன்பில் எனக்கு ஐயமே இல்லை. அந்த இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் கூட்டி வைத்த கைதான் அந்தக் கண்களுக்குத் தீங்கு செய்தது. 1953இல் 18 மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய ஆய்வு அதை ஐயமற நிறுவியது. இன்று நம் ஊர்ப் பச்சிளங்குழந்தைப் பிரிவில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் சிறு விளக்கு குழந்தையின் பாதத்தில் எரிவதற்கும், 2 கிலோவுக்குக் குறைவான எடையில் பிறந்த பிள்ளையை 30 நாளுக்குள் கண் பரிசோதனைக்குக் கொண்டு வாருங்கள் என்று நாங்கள் தாய்மாரை விடாமல் விரட்டுவதற்கும் அதுதான் தொடக்கம்.

எனவே "சோதித்துப் பார்க்கிறார்கள்" என்ற சொல்லுக்கு நான் மறுப்புச் சொல்ல மாட்டேன். சோதித்துப் பார்க்காமல், தெரிந்ததாக நினைத்துக்கொண்டு கொடுத்த மருத்துவத்தால் இழந்த குழந்தைகள் அதிகம் என்று மட்டும் உங்கள் மாமியாரிடம் சொல்லுங்கள்.

குழந்தை மருத்துவர், திருப்பாதிரிப்புலியூர்

உங்கள் மகளை நான் பார்த்ததில்லை, ஆகவே சேருங்கள் என்றோ வேண்டாம் என்றோ சொல்வது முறையன்று. கேள்வியின் பின்னணியை மட்டும் விளக்குகிறேன்.

இந்த நோய்க்கு ஸ்டீராய்டு கொடுக்கும் கால அளவு கல்லில் செதுக்கியது போல வந்ததன்று. 1960களின் பிற்பகுதியில் தொடங்கிய, பல நாட்டுக் குழந்தைச் சிறுநீரக மருத்துவர்கள் சேர்ந்த ஆய்வுக் குழு ஒன்று, முதல் தாக்கத்துக்கு 4 வாரம் தினமும், அடுத்த 4 வாரம் இடைவெளி விட்டும் கொடுக்கும் முறையை வகுத்தது. பிறகு ஜெர்மனியில் நடந்த ஆய்வையொட்டி அது 6 வாரமும் 6 வாரமுமாக நீண்டது. நீட்டினால் நோய் திரும்புவது குறையும் என்ற நம்பிக்கையில் ஆறு மாதம் வரை கொடுத்த காலமும் உண்டு. நாங்கள் படித்தபோது எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததும் அதுதான். அதன் பிறகு 2013இல் நெதர்லாந்திலிருந்தும், 2015இல் ஜப்பானிலிருந்தும் இந்தியாவிலிருந்தும், 2019இல் பிரிட்டனிலிருந்தும் ஆய்வுகள் வெளியாயின. இந்திய ஆய்வில் 181 குழந்தைகள், பிரிட்டன் ஆய்வில் 237 குழந்தைகள். அடிக்கடி நோய் திரும்பும் நிலை, மருந்தை நீட்டிப்பதால் குறையவில்லை என்பதே எல்லாவற்றிலும் கிடைத்த விடை. அந்தப் பெற்றோர்கள் சம்மதித்திருக்காவிட்டால், நாங்கள் இன்றும் நம் குழந்தைகளுக்குத் தேவையில்லாமல் மூன்று மாத ஸ்டீராய்டைக் கூடுதலாகக் கொடுத்துக்கொண்டிருப்போம். உயரம், எலும்பு, இரத்த அழுத்தம், கண் என்று அந்த மூன்று மாதத்தின் விலையை வளர்கிற பிள்ளைதான் கொடுக்க வேண்டியிருக்கும்.

உங்களிடம் கேட்டிருப்பது நோய் திரும்பும்போது கொடுக்கும் மருந்தின் காலத்தைப் பற்றியது. அதே கேள்வியின் அடுத்த படி என்று வைத்துக்கொள்ளலாம். ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறைக்கு மேல் திரும்பாத உங்கள் மகளைப் போன்ற குழந்தையிடம் இந்தக் கேள்வியைக் கேட்பது மருத்துவ முறைப்படி நியாயமானதே.

ஆய்வில் சேர்ந்தாலும் சேராவிட்டாலும் மூன்றை மறக்க வேண்டாம். மாத்திரையை நீங்களாக நிறுத்தவோ குறைக்கவோ கூடாது. காய்ச்சலோ வயிற்றுவலியோ வந்தால் அன்றே காட்டுங்கள், ஏனெனில் புரதம் போகும் நாட்களில் தொற்று எளிதில் பற்றும். அக்கம்பக்கத்தில் யாருக்காவது அம்மை போட்டிருந்து பிள்ளை அங்கே போய் வந்திருந்தால், கொப்புளம் வரட்டும் என்று காத்திராமல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

முன்னாள் ஆய்வுப் பணியாளர், வில்லியனூர்

சகோதரி, குழந்தைகள் தொடர்பான ஆய்வுகளில் ஒருங்கிணைப்பாளராக ஏழு ஆண்டுகள் இருந்தேன். நூற்றுக்கணக்கான பெற்றோருக்கு இந்தப் படிவத்தை வாசித்துக் காட்டியிருக்கிறேன். படிவத்தைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள் என்பதே எனக்கு முதல் ஆறுதல். உடனே கையெழுத்துக் கேட்பவர்களிடம்தான் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

உறையைப் பற்றி முதலில் சொல்கிறேன், ஏனென்றால் பெற்றோர் அதிகம் கலங்குவது அதில்தான். "படித்த டாக்டர் முடிவு செய்யாமல் சீட்டுக் குலுக்குவதா?" என்று என்னிடமே பலர் சண்டை போட்டிருக்கிறார்கள். மருத்துவரே தேர்ந்தெடுத்தால், தம்மை அறியாமலே, நோய் லேசாக இருக்கும் பிள்ளைக்கு இரண்டு வாரமும், பயமாகத் தோன்றும் பிள்ளைக்கு நான்கு வாரமும் கொடுப்பார். கடைசியில் இரண்டு வாரப் பிரிவு நன்றாக இருந்தது மருந்தினாலா, பிள்ளைகள் லேசான நோயாளிகளாக இருந்ததாலா என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் கணினி முன்கூட்டியே போட்ட வரிசையை, வெளிச்சத்தில் பிடித்தாலும் உள்ளே தெரியாத தடித்த உறைகளில் எண் போட்டு ஒட்டி வைப்பார்கள். இதில் நேர்மை ஒன்றுதான் உண்டு: இரண்டில் எது சிறந்தது என்பது கேட்கிற மருத்துவருக்கும் உண்மையிலேயே தெரிந்திருக்கக் கூடாது. "டாக்டர், உங்கள் சொந்தப் பிள்ளையாக இருந்தால் உறையைப் பிரிக்க விடுவீர்களா?" என்று நேராகக் கேளுங்கள். அதைக் கேட்கப் பெற்றோருக்கு முழு உரிமை உண்டு.

அடுத்து, படிவத்தில் விரலை வைத்துத் தேட வேண்டியவை. ஆய்வு முறையானதா, சேர்பவர்களுக்குப் பாதுகாப்பானதா என்று பார்க்கும் நெறிமுறைக் குழு ஒப்புதல் அளித்த எண்ணும், அந்தக் குழுவின் தொலைபேசி எண்ணும் இருக்க வேண்டும். மருத்துவர் மீதே குறை இருந்தால் நீங்கள் அழைக்க வேண்டிய இடம் அதுதான். சி.டி.ஆர்.ஐ. என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். மருத்துவ ஆய்வுகளைப் பதிவு செய்யும் நாட்டின் பொதுப் பதிவேடு அது. 2007இல் தொடங்கியது, 2018 ஏப்ரலிலிருந்து முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே பதிவு செய்தாக வேண்டும் என்பது விதி. அந்த எண்ணை வைத்து வீட்டிலிருந்தே கைப்பேசியில் ஆய்வின் விவரத்தைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். ஆய்வினால் தீங்கு நேர்ந்தால் இலவச மருத்துவமும் இழப்பீடும் யார் தருவார்கள் என்ற பத்தி தெளிவாக இருக்க வேண்டும். ஆய்வுக்காகச் செய்யும் கூடுதல் பரிசோதனைக்கு உங்களிடம் ஒரு ரூபாய் கூட வாங்கக் கூடாது.

நள்ளிரவில் வீக்கம் வந்தால் யாரை அழைப்பது என்பதைப் பெயரும் எண்ணுமாக எழுதி வாங்குங்கள். என் அனுபவத்தில் பெற்றோருக்கு உண்மையில் உதவியது இந்த ஒரு வரிதான். மற்றவை கோப்பில் தூங்கும்.

இரத்தத்தையோ சிறுநீரையோ சேமித்து வைத்துப் பின்னாளில் வேறு ஆய்வுக்குப் பயன்படுத்தலாமா என்று தனியாக ஒரு கட்டம் இருக்கலாம். அது தனி ஒப்புதல். அதற்கு வேண்டாம் என்று குறித்துவிட்டு முதன்மை ஆய்வில் மட்டும் சேர முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

மறுத்தால் சிகிச்சை குறையுமா என்ற உங்கள் கேள்விக்கு விதி சொல்லும் பதில், குறையக் கூடாது என்பதே. சேர்ந்த பிறகும் எந்த நாளிலும், காரணம் சொல்லாமலே விலகலாம். ஒளிப்பதிவு செய்யவில்லையே என்று சிலர் ஐயப்படுவார்கள். 2019ஆம் ஆண்டு விதிகளின்படி, புதிதாகக் கண்டுபிடித்த மருந்துப் பொருளைக் குழந்தைகள் போன்றோரிடம் ஆய்வு செய்யும்போதுதான் ஒப்புதல் பெறுவதை ஒளி, ஒலிப்பதிவு செய்வது கட்டாயம். பிரட்னிசோலோன் பழைய மருந்து, ஆகவே அது இல்லாததைக் குற்றமாக நினைக்க வேண்டாம்.

மகளின் பெயருக்கான இடம் என்றீர்களே, அதன் பெயர் இசைவு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட நெறிமுறைப்படி, ஏழிலிருந்து பதினொரு வயது வரை குழந்தையிடம் வாய்மொழியாகவும், பன்னிரண்டிலிருந்து எழுத்திலும் இசைவு பெற வேண்டும். பெற்றோர் சம்மதித்தாலும் குழந்தை தலையை ஆட்டி மறுத்தால், இதைப் போன்ற ஆய்வில் அந்த மறுப்பை மதித்தாக வேண்டும். நான் பார்த்த குழந்தைகளில் பெரும்பாலோர் கேட்டது "ஊசி உண்டா?" என்ற ஒரே கேள்விதான். அதற்கு உண்மையைச் சொல்லாத ஆய்வாளரிடம் என் பிள்ளையை நான் விட மாட்டேன்.

நெல்லிக்குப்பத்துத் தகப்பன்

செவிலியர் அம்மா எழுதியதை மரியாதையோடு படித்தேன். ஆனால் என் பக்கத்தையும் சொல்ல வேண்டும். என் மகன் ஏழாம் மாதத்தில் பிறந்தான். எந்த ஊர், எந்த மருத்துவமனை என்று எழுத விரும்பவில்லை. அதிகாலை இரண்டு மணிக்கு, பச்சிளங்குழந்தைப் பிரிவின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருந்த என்னிடம் ஆங்கிலத்தில் அச்சடித்த தாள்களை நீட்டி, "இங்கே, இங்கே, இங்கே" என்று விரலால் காட்டினார்கள். உள்ளே மனைவிக்கு இரத்தம் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பிள்ளையைக் காப்பாற்றுவதற்கான கையெழுத்து என்று நினைத்துப் போட்டேன். நான்கு மாதம் கழித்து, பரிசோதனைக்கு வரச் சொல்லி யாரோ கைப்பேசியில் அழைத்தபோதுதான், அவன் ஓர் ஆய்வில் இருக்கிறான் என்பதே எனக்குத் தெரிந்தது.

அவனுக்கு ஒரு தீங்கும் நேரவில்லை, இப்போது இரண்டாம் வகுப்பு படிக்கிறான். அந்த ஆய்வு நல்லதாகவே இருந்திருக்கலாம். கேட்டிருந்தால் நான் சம்மதித்தும் இருப்பேன். கேட்காமல் போனார்களே என்பதுதான் ஏழு ஆண்டுகளாக ஆறவில்லை. ஆய்வு முடிந்ததா, விடை என்ன கிடைத்தது, என் பிள்ளை எந்தப் பிரிவில் இருந்தான் என்பதை இன்று வரை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. நம் பிள்ளையின் உடம்பிலிருந்து கிடைத்த விடை எங்கோ ஓர் ஆங்கில இதழில் வெளியாகியிருக்கும், பெற்ற எனக்கு ஒரு தபால் அட்டை வரவில்லை.

செவிலியர் அம்மா சொன்ன அந்த ஆக்சிஜன் குழந்தைகளின் தாய் தகப்பனிடம் யாராவது கேட்டார்களா? கெடிலக்கரை சகோதரியே, சேர்வதும் சேராததும் உங்கள் விருப்பம். ஆனால் முடிவைத் தமிழில் எழுதி உங்களுக்கு அனுப்புவார்களா என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

ஓய்வு பெற்ற செவிலியர், லாஸ்பேட்டை

தம்பி, உங்கள் கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. அந்தக் காலத்தில் பெற்றோரைக் கேட்கும் வழக்கம் பெரும்பாலும் இருந்ததில்லை. நானே பணியில் இருந்தபோது, இரவு நேரத்தில் தகப்பன்மாரிடம் தாளை நீட்டி "இங்கே போடுங்கள்" என்று சொல்லியிருக்கிறேன். சிகிச்சைக்கான ஒப்புதல்தான் அது என்றாலும், என்ன தாள் என்று முழுதாகச் சொன்னேனா என்று இன்று நினைத்துப் பார்க்கிறேன். உங்களிடம் அப்படி நடந்தது தவறு.

முன்னாள் ஆய்வுப் பணியாளர், வில்லியனூர்

நெல்லிக்குப்பம் ஐயா எழுதியது எங்கள் துறையில் எல்லாரும் படிக்க வேண்டியது. ஒரு செய்தியைச் சேர்க்கிறேன். குறைமாதக் குழந்தைக்கு ஆக்சிஜன் எந்த அளவில் இருக்க வேண்டும் என்ற அதே கேள்வியை 2005இலிருந்து அமெரிக்காவில் ஏறத்தாழ 1,300 குழந்தைகளிடம் மீண்டும் ஆராய்ந்தார்கள். குறைந்த அளவில் வைத்த பிரிவில் கண் பாதிப்புக் குறைந்தது, ஆனால் இறப்புச் சற்றுக் கூடியது. இன்று பல இடங்களில் குழந்தையின் இரத்தத்தில் ஆக்சிஜன் அளவை 90க்கும் 95 சதவீதத்துக்கும் இடையில் வைப்பது அந்த ஆய்வையும் அதையொத்த மற்ற நாட்டு ஆய்வுகளையும் பார்த்த பிறகுதான். அவ்வளவு பயன் தந்த ஆய்வையே, கண்ணுக்கும் உயிருக்கும் உள்ள ஆபத்தைப் படிவத்தில் பெற்றோருக்குத் தெளிவாகச் சொல்லவில்லை என்று 2013இல் அந்நாட்டு அரசின் கண்காணிப்பு அலுவலகம் கண்டித்தது. அது நியாயமா என்று மருத்துவர்களுக்குள் பெரிய வாதமே நடந்தது. விடை பயனுள்ளது என்பதால் கேட்காமல் விட்டது சரியாகிவிடாது என்பதே என் கருத்து.

அதிகாலை இரண்டு மணிக்கும் கேட்கத்தான் வேண்டியிருக்கும் ஆய்வுகள் உண்டு, பிறந்தவுடன் தொடங்க வேண்டிய சிகிச்சைக்கு மறுநாள் வரை காத்திருக்க முடியாது. அப்படிப்பட்ட ஆய்வுகளில், வாய்ப்பிருக்கும் இடங்களிலெல்லாம், தாய் கர்ப்பிணியாகப் பரிசோதனைக்கு வரும்போதே சொல்லி வைப்பது நல்ல வழி. வெளியே தரையில் உட்கார்ந்திருக்கும் தகப்பனுக்கு ஒரு நாற்காலி கொடுத்து, பத்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்வதற்கு எந்த விதியும் தடையாக இல்லை.

கெடிலக்கரை அம்மா, கடலூர்

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. செவ்வாய்க்கிழமை போய் வந்தோம். நடந்ததை எழுதாமல் விட்டால் முறையாகாது.

காலை ஆறரை மணிப் பேருந்தில் மாமியாரும் உடன் வந்தார். செவிலியர் அம்மா எழுதியதை முந்தின இரவு அவருக்கு வாசித்துக் காட்டியிருந்தேன். இரவில் ஆக்சிஜனைக் கூட்டி வைத்தவர்கள் கதையை இரண்டு முறை கேட்டார். கன்னியகோயில் தாண்டும் வரை ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அந்தப் பெண்கள் பாவம்" என்று மட்டும் சொன்னார்.

மருத்துவரிடம் எல்லாக் கேள்வியையும் கேட்டேன். சொந்தப் பிள்ளையாக இருந்தால் என்று கேட்டதற்கு அவர் உடனே பதில் சொல்லவில்லை. சற்று யோசித்து, "உறையைப் பிரிக்க விடுவேன், ஆனால் இரண்டு வாரம் வந்தால் முதல் மாதம் உங்களைப் போலத்தான் பயந்துகொண்டு இருப்பேன்" என்றார். அந்தப் பதில்தான் எனக்குத் தைரியம் கொடுத்தது. பதிவு எண்ணைக் காட்டினார். இரவில் அழைக்க வேண்டிய எண்ணைப் படிவத்தின் முதல் பக்கத்திலேயே எழுதித் தந்தார். ஆய்வின் முடிவைத் தமிழில் ஒரு பக்கமாக எழுதி எல்லாப் பெற்றோருக்கும் அனுப்ப முடியுமா என்று நெல்லிக்குப்பம் அண்ணன் சொன்னபடி கேட்டேன். இதுவரை யாரும் கேட்டதில்லை என்றும், நெறிமுறைக் குழுவிடம் தெரிவித்து அதைச் சேர்க்க முயல்வதாகவும் சொல்லி, தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். இரத்தத்தைச் சேமிக்கும் கட்டத்தில் வேண்டாம் என்று குறித்தேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை.

பிறகு மகளைத் தம் அருகில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். ஓ.பி. சீட்டின் பின்பக்கத்தில் ஒரு வரிசையில் ஏழு கட்டமும் இன்னொரு வரிசையில் பதினான்கு கட்டமும் போட்டு, "ஒரு நாள் விட்டு ஒரு நாள், இத்தனை முறை மாத்திரை. எது என்று எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது" என்றார். ஊசி உண்டா என்று கேட்டாள். வழக்கமாக எடுப்பதோடு ஒரு முறை கூடுதலாக இரத்தம் எடுப்போம், வலிக்கும் என்றார். அடுத்து அவள் கேட்டதை நாங்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை. "ஏழு கட்டம் வந்து, நான் சாப்பிட்டு, மறுபடியும் வீங்கினால், அது என் தப்பா?" என்றாள். மருத்துவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். வீங்கினாலும் வீங்காவிட்டாலும் அவள் தப்பு ஒன்றுமே இல்லை என்று அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். மூன்றரை ஆண்டுகளாக ஒவ்வொரு முறை நோய் திரும்பும்போதும் அவள் மனதில் இது இருந்திருக்கிறது. தினமும் அவளுடைய சிறுநீரைக் குழாயில் பிடித்துப் பார்க்கும் எனக்கு அது தெரியவில்லை. பத்து வினாடி கழித்து, "சரி, பிரியுங்கள்" என்றாள்.

கணவரும் ஷிப்ட் மாற்றிக்கொண்டு வந்திருந்ததால் இருவரும் கையெழுத்திட்டோம். உறையில் நான்கு வாரம் வந்தது. மாமியாருக்கு நிம்மதி, மகளுக்கு ஏமாற்றம். எனக்கு எது என்று இன்னும் பிடிபடவில்லை.

ஆய்வுக்காகத் தனி நோட்டுக் கொடுத்திருக்கிறார்கள். பழைய நோட்டையும் விட மனமில்லாமல் இரண்டிலும் எழுதுகிறேன். இன்று காலை குழாயை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தபோது, நாட்காட்டித் தாளில் நல்ல நேரம் போட்டிருக்கும் பொடி எழுத்துக்கூடத் தெரிந்தது. "இல்லை" என்று இரண்டு நோட்டிலும் அவளையே எழுதச் சொன்னேன்.